இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய பணம்

“பணம் வர்றதுக்குத்தானே தம்பி பின் நம்பர் போட்டேன்?”

நாயுடுபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஓர் ஏப்ரல் மாலையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வீடு முழுக்க இருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. அரை மணி நேரத்துக்குள் அவர் கணக்கிலிருந்து 50,000 ரூபாய் போயிருந்தது. மாடியில் இரண்டு அறை கட்டி, கொடைக்கானல் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர் அவர். மே மாத மளிகைக்கும் கேஸுக்கும் புதுப் போர்வைகளுக்கும் என்று சேர்த்து வைத்திருந்த பணம் அது.

சென்னையில் பணப் பரிவர்த்தனை மென்பொருள் நிறுவனம் ஒன்றின் மோசடித் தடுப்புப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். டிஜிட்டல் பாதுகாப்பில் பெரிய ஆள் என்று ஒருவரைச் சொல்கிறார்களே, அவருக்கு அப்படி என்னதான் தெரியும் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். யாராலும் உடைக்க முடியாத பூட்டு செய்யத் தெரிந்தவர் என்பது பொதுவான எண்ணம். அக்காவுக்கு நடந்ததை வைத்தே அதை விளக்கிப் பார்க்கிறேன்.

மதியம் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பேசியவர் தன்னை ராணுவ மேஜர் என்று சொல்லிக்கொண்டார். இரண்டு குடும்பம், ஐந்து நாள், இரண்டு அறையும் வேண்டும். அறைக்கு ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய் என்றதற்குக் குறைத்துக் கேட்கவே இல்லை. முழுப் பணத்தையும் முன்பணமாகவே தருகிறேன் என்றார். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை, சீருடையில் ஒரு படம், கேன்டீன் கார்டு எல்லாம் வந்தன. பிறகு, “எங்க அக்கவுண்ட் வேற மாதிரி மேடம், முதல்ல செக் பண்ணணும்” என்று சொல்லி ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி 5 ரூபாய் போடச் சொன்னார். போட்டார். உடனே 10 ரூபாயாகத் திரும்பி வந்தது. அடுத்த க்யூஆர் 25,000 ரூபாய்க்கு. “இதே மாதிரி ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 50,000 ஏறிடும், பாதியைத் திருப்பிப் போட்டுடுங்க.” பின் போட்டதும் பணம் போனது. அக்கா பதறியதும், “சர்வர் கோளாறு, இன்னொரு தடவை போட்டாத்தான் ரெண்டும் சேர்ந்து திரும்பும்” என்றார். இரண்டாவது 25,000-மும் போனது.

அந்த 5 ரூபாய், 10 ரூபாய் விளையாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘பின் போட்டால் பணம் வரும்’ என்ற தவறான பாடம் ஒன்று, 5 ரூபாய் செலவில், கண்ணெதிரே நடத்தப்பட்டிருக்கிறது. உண்மையில் யுபிஐ-யில் பணம் கைமாறும்போது பின் நம்பருக்கு ஒரே ஒரு பொருள்தான்: என் கணக்கிலிருந்து பணம் போக நான் சம்மதிக்கிறேன். பணம் வருவதற்கு அந்தப் பின் நம்பர் எந்த நாளும் தேவையில்லை. ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. அந்த 10 ரூபாய் அக்கா போட்ட பின் நம்பரால் வரவில்லை. எதிரில் இருந்தவன் தனியாக அனுப்பினான். இரண்டும் அடுத்தடுத்து நடந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தெரிந்தது.

பூட்டு எதுவும் இங்கே உடையவில்லை. யுபிஐ செயலியை முதலில் பதியும்போது போனிலுள்ள சிம்மிலிருந்தே வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது. அந்த எண்ணும் அந்தக் கருவியும் அப்படித்தான் முடிச்சுப் போடப்படுகின்றன. நாம் தட்டும் பின் நம்பர் போனுக்குள்ளேயே மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது யாரும் படிக்க முடியாத குறியீடாக மாறி, நம் வங்கிக்குத்தான் போய்ச் சேர்கிறது. நடுவில் இருக்கும் செயலி நிறுவனத்துக்கே அது தெரியாது. 2016-ல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் இதைக் கொண்டுவந்தபோது கட்டிய இந்தச் சுவர் இன்றும் நன்றாகத்தான் நிற்கிறது. அதற்கும் முன்பே, 2009 ஆகஸ்டிலிருந்து, இணையத்தில் கார்டு வழியே பணம் கட்டக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நாம் அன்றாடம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓடிபி பரவியது அதனால்தான். கார்டு எண்ணை மட்டும் திருடிப் பிழைத்தவர்களுக்கு அத்தோடு வழி பெருமளவு அடைபட்டது. சுவர் உயர்ந்ததால் திருடன் வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். வீட்டுக்காரரையே திறக்க வைக்கிறான்.

படிக்காதவர்கள், ஏமாளிகள்தான் இதில் மாட்டுவார்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போகாது. சீசனில் எங்கள் ஊரின் தொழிலே முன்பின் தெரியாதவரை நம்புவதுதான். காலையிலிருந்து இரவு வரை தெரியாத எண்களிலிருந்து போன் வரும். பெயரைக் கேட்டு, தேதியைக் கேட்டு, முன்பணம் வாங்கி அறையை எழுதி வைக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்த பிறகு, வருகிற ஒரு குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது என்ற தவிப்பு சின்ன வீட்டுக்காரர்களுக்குக் கூடியிருக்கிறது. அந்தத் தவிப்பைத்தான் அவன் குறிவைத்தான். ஊட்டியில் காட்டேஜ் வைத்திருப்பவருக்கும் இதே போன் வரும். அங்கே வெலிங்டனில் ராணுவ மையமே இருப்பதால் மேஜர் என்ற சொல்லுக்கு இன்னும் மதிப்பு அதிகம். (வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மலைக்கு வண்டியில் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் எந்தத் தளமும் அரசுத் தளம் அல்ல.)

சரி, பூட்டு உடையாதபோது தொழில்நுட்பம் தெரிந்தவர் என்ன செய்ய முடியும்?

வத்தலக்குண்டு பாதையில் வண்டி பழகுகிற எவருக்கும் முதலில் சொல்லித் தருவது, எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது. நியூட்ரலில் விட்டால் வண்டி சுகமாக உருளும், டீசல் மிச்சம் என்றும் தோன்றும். நான்காவது கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இந்தியாவில் பணம் இப்போது நியூட்ரலில் இறங்குகிறது. அக்காவின் 25,000 சில விநாடிகளில் ஒரு கணக்கில் விழுந்தது. அங்கிருந்து இரண்டு, மூன்று கணக்குகளாகப் பிரிந்தது. கடைசியில் எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்தது. மோசடித் தடுப்பு என்ற கலையின் பெரும்பகுதி எந்த இடத்தில் கியரைக் குறைப்பது என்பதுதான். எல்லா இடத்திலும் குறைத்தால் பேருந்து ஊர் போய்ச் சேராது.

எங்கே குறைப்பது என்று கண்டுபிடிக்கும் வித்தைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1992-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் எச்என்சி என்ற நிறுவனம் ஃபால்கன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அதன் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர் வரிசையில் முதலில் இருக்கும் பெயர் கிருஷ்ணா கோபிநாதன். ஒவ்வொரு கார்டுக்காரரும் எங்கே, எவ்வளவு, எந்த நேரத்தில் செலவழிக்கிறார் என்ற பழக்கத்தை அது கற்றுக்கொள்ளும். புதிதாக ஒரு பரிவர்த்தனை வந்ததும் அந்தப் பழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து 1 முதல் 999 வரை மதிப்பெண் போடும். பூம்பாறைப் பூண்டு வாங்கும் கமிஷன்காரர் ஒருவர் இதைக் கணினி இல்லாமலே செய்வார். வருடா வருடம் பத்து மூட்டை கொண்டுவருகிறவர் திடீரென்று நூறு மூட்டையோடு வந்து நின்றால், காசை எடுப்பதற்கு முன் “எங்கேர்ந்துப்பா இவ்வளவு?” என்று கேட்பார். ஃபால்கன் அந்தக் கேள்வியைக் கோடிக்கணக்கானவர்களிடம், கண்ணிமைப்பதற்குள் கேட்டது.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு விலை உண்டு. இந்த இடத்தில்தான் தேர்ந்தவருக்கும் கற்றுக்குட்டிக்கும் வித்தியாசம் தெரியும். ஒரு லட்சம் பரிவர்த்தனையில் பத்து மோசடி என்று வைத்துக்கொள்வோம். நம் மென்பொருள் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடுகிறது. நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சந்தேகப்படுகிறது. கேட்க அருமையாக இருக்கிறது. கணக்குப் போட்டால், ஒன்பது திருட்டைப் பிடிக்க ஏறக்குறைய ஆயிரம் யோக்கியர்களை நிறுத்தியிருப்போம். அந்த ஆயிரம் பேரில் ஒருவர் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். என் மேலாளர் எந்தப் புது விதியைக் கொண்டுபோனாலும், எத்தனை திருட்டைப் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன் எத்தனை நல்லவர்களை நிறுத்தும் என்றுதான் கேட்பார். அந்த வரிசையிலேயே கேட்க வேண்டும் என்று நான் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது.

மலை ஊர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சமவெளியில் உட்கார்ந்து மென்பொருள் தயாரிக்கிறவர்களுக்கு அது எளிதில் தோன்றாது. அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஈ ஓட்டும். பூஜை விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் கொஞ்சம் அசையும். ஏப்ரல் பிறந்ததும் பல மாநிலங்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாத நாற்பது ஐம்பது பேர், 1,000, 2,000 என்று அனுப்புவார்கள். வந்த பணம் அன்றைக்கே மளிகைக்கும் துணி வெளுக்கிறவருக்கும் போய்விடும். திருட்டுப் பணத்தைக் கைமாற்ற வாடகைக்கு எடுக்கும் கணக்கின் அடையாளமாகப் பாடப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அது அப்படியே இதுதான்: நீண்ட உறக்கம், திடீர் விழிப்பு, பல முகம் தெரியாத அனுப்புநர்கள், வந்ததும் வெளியேறும் பணம். பூண்டு, கேரட், காபி என்று போகத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் பார்க்கிறவர்களின் கணக்கும் இப்படித்தான் துள்ளும். இடத்தையும் பருவத்தையும் தெரியாத மென்பொருள் ஒரு மலையையே சந்தேகப்படும்.

அதனால்தான் இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பழைய உதாரணம், இணையவழிப் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனத்தில் மேக்ஸ் லெவ்சின் செய்தது. கீவ் நகரில் பிறந்து அமெரிக்கா போனவர். 2000-ஐ ஒட்டிய காலத்தில் அந்த நிறுவனத்தைத் திருட்டுக் கார்டுகள் மாதத்துக்கு ஒரு கோடி டாலர் அளவில் அரித்துக்கொண்டிருந்தன. முதலில் முழுக்கத் தானாக இயங்கும் தடுப்பு ஒன்றை எழுதினார்கள். கொஞ்ச நேரத்திலேயே திருடர்கள் அதன் போக்கைக் கற்றுக்கொண்டு வழியை மாற்றிக்கொண்டார்கள். பிறகுதான் மென்பொருள் சந்தேகத்துக்குரிய ஓட்டங்களைப் பொறுக்கிப் படமாக்கிக் காட்ட, பயிற்சி பெற்ற மனிதர்கள் பார்த்து முடிவெடுக்கும் முறைக்கு வந்தார்கள். தங்களுக்குத் தலைவலி கொடுத்த ஒரு திருடனின் பெயரையே, இகோர் என்று, அந்தக் கருவிக்கு வைத்தார்கள். இயந்திரம் சலிக்கும், மனிதர் முடிவெடுப்பார். தமிழ்நாட்டில் ஏப்ரலில் கொடைக்கானல் கணக்குகள் ஏன் துள்ளுகின்றன என்று தெரிந்த ஒரு மனிதர் திரைக்குப் பின்னால் வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இந்தியாவில் இப்போது நடக்கிற வேலையில் எனக்கு நம்பிக்கை தருவது பணம் பெறுகிற பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பது. அனுப்புகிறவரைக் காப்பாற்றத்தான் இத்தனை காலம் பாடுபட்டோம். ஆனால் ஒரு மேஜர் வேடக்காரன் நூறு பேரிடம் பேசலாம், பணம் விழுவதற்குக் கணக்கு வேண்டுமே. ஏழை மாணவர்களிடமும் கூலி வேலைக்காரர்களிடமும் சில ஆயிரம் கொடுத்து வாங்கும் அந்த வாடகைக் கணக்குகள்தான் மொத்தத் தொழிலுக்கும் கழுத்து. அவற்றைக் கண்டுபிடிக்கவென்றே ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹன்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் செய்து 2024 டிசம்பரில் அறிவித்தது. ஒருவர் மற்றொருவரிடம் யுபிஐ-யில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் பணப்பட்டுவாடா கழகம் எடுத்தேவிட்டது. பலரை ஏமாற்றப் பயன்பட்ட கதவு அது, மூடியது சரி. அக்கா விழுந்த க்யூஆர் வழி மட்டும் திறந்தே இருக்கிறது. கடைக்காரர் க்யூஆரும் அதே வழியில்தான் வேலை செய்கிறது என்பதால் அதை மூட முடியாது.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். நான் முதலில் செய்யச் சொன்னது, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன். மழை இறங்கினால் எங்கள் தெருவில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் இரண்டு கோடு கிடைக்கும். அக்கா குடையைப் பிடிக்க, நான் போனைப் பிடித்தேன். எதிர்முனையில் கேட்டவை: பணம் போன கணக்கின் வங்கி, தொகை, நேரம், இரண்டு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க எண்கள், அவன் அழைத்த போன் எண். அந்த 12 இலக்க எண் பணம் போனதாக வந்த தகவலிலேயே இருக்கும். அதைத் தேடத்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். புகார் பதிவானதற்கான எண் குறுஞ்செய்தியாக வந்தது. மீதி விவரத்தை தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இரவே ஏற்றினோம்.

2021-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் உள்வேலை எளிமையானது. புகார் ஏறியதும் பணம் போய் விழுந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். நகர்ந்திருந்தால் எங்கே போனது என்று சொல்ல, அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். சங்கிலியின் எந்தக் கண்ணியிலாவது பணத்தை முந்திக்கொள்ள வேண்டும். அக்காவின் முதல் 25,000 நோட்டாகிவிட்டிருந்தது. இரண்டாவது 25,000 இரண்டாம் கணக்கில் அகப்பட்டது. நாங்கள் புகார் செய்தது பணம் போய் நாற்பது நிமிடத்துக்குள்.

அப்படி நிறுத்திவைப்பதற்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. திருட்டுப் பணத்தில் ஒருவன் டீக்கடையில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டுப் போனாலும், சங்கிலியைத் தொடர்ந்து வரும்போது அந்த டீக்கடைக்காரரின் மொத்தக் கணக்கும் முடங்கிய சம்பவங்கள் நாட்டில் நிறைய. கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதிக் கணக்கை இயங்க விடும்படி உத்தரவிட்டிருக்கின்றன. ஆயிரம் யோக்கியர்கள் என்று மேலே சொன்னேனே, அதன் இன்னொரு முகம் இது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பணம் போனால் நஷ்டம் யார் தலையில்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பொறியியல் பேராசிரியராக இருந்து 2024-ல் காலமான ராஸ் ஆண்டர்சன், 1993-ல் வெளியிட்ட ஆய்வில் ஏடிஎம் மோசடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மறையாக்கத்தை மேதைகள் உடைத்த கதை அவருக்கு அதிகம் அகப்படவில்லை. பெரும்பாலும் நிர்வாகக் குளறுபடி, ஊழியர் கைவரிசை, பராமரிப்புக் குறைபாடு. கூடவே அவர் கண்ட இன்னொன்று இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டப்படி, வாடிக்கையாளர் இரண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அவர் பொறுப்பு 50 டாலரோடு முடிந்துவிடும், மீதி வங்கியுடையது. பிரிட்டனில் அந்நாளில் வங்கி, எங்கள் அமைப்பு தவறே செய்யாது, நீங்கள்தான் எடுத்திருப்பீர்கள் என்று சொல்லிவிட முடிந்தது. நஷ்டம் தங்கள் தலையில் விழாது என்றானதும் பிரிட்டன் வங்கிகள் அசட்டையாயின, மோசடி பெருகியது. அமெரிக்க வங்கிகள் எது பலன் தருமோ அதில் பார்த்துப் பார்த்துச் செலவழித்தன. சரிசெய்யும் சக்தி யார் கையில் இருக்கிறதோ, நஷ்டமும் அவர் கையில் இருந்தால்தான் சரிசெய்வார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் நாட்டில் 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தது. நல்ல சுற்றறிக்கை. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல், நாம் அனுமதிக்காத பரிவர்த்தனை நடந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பில்லை என்றது அது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அதன் ஆணிவேர் ‘அனுமதிக்காத’ என்ற சொல். அக்கா பின் போட்டார், ஆகவே அனுமதித்தார். சுற்றறிக்கை அங்கேயே கைவிட்டுவிட்டது.

பிரிட்டன் இதே இடத்தில் 2024 அக்டோபர் 7 முதல் வேறு முடிவு எடுத்திருக்கிறது. உள்நாட்டுப் பணமாற்றத்தில் ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாகச் சுமக்க வேண்டும். வாடிக்கையாளரே படு அலட்சியமாக இருந்திருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. பெற்ற வங்கிக்குப் பாதி என்ற அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தன்னிடம் வாடகைக் கணக்கு திறக்க விட்ட வங்கிக்கு முதல்முறையாகக் கைக்காசு போகிறது. அதன் பிறகு அந்த வங்கி கியரைக் குறைக்குமா, மாட்டாதா? நம்மூரில் விழிப்புணர்வு விளம்பரங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஜாக்கிரதையாக இருங்கள் என்று கோடிப் பேரிடம் சொல்வது தேவைதான். ஆனால் சீசன் நடுவில், அடுப்பில் பால், வாசலில் விருந்தாளி என்று நிற்கிற ஒரு பெண்மணியின் கவனத்தை நாட்டின் கடைசித் தடுப்பணையாக வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை.

மறுநாள் காலை அக்காவோடு வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. அங்கிருந்தவர்கள் பொறுமையாகவே பேசினார்கள். புகார் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அக்கா வரி வரியாக நிரப்பினார். நடுவில் ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது நீங்களா? பக்கத்தில் இரண்டு கட்டம்: ஆம், இல்லை.

“தம்பி, இதுல எதை டிக் பண்றது?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம் என்றால் புகார் அங்கேயே முடிந்துவிடும். இல்லை என்றால் பொய். அக்கா கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்திருந்துவிட்டு, இரண்டு கட்டத்தையும் விட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: ஏமாத்திப் போட வெச்சாங்க. வாங்கிக்கொண்ட அலுவலர் அதைப் படித்தார். கணினியில் ஏற்றத் தொடங்கியவர், அந்த வரிக்கு வந்ததும் திரையில் மேலும் கீழுமாகத் தேடினார். அதற்கு இடம் இல்லை.